பன்னிரண்டு மடிக்கணினிகளுக்கு நீங்கள் வைத்த பொட்டு

டீச்சர், இன்று காலை எங்கள் வீட்டில் நம் பள்ளிக்கூடத்து மடிக்கணினி வாசனை அடித்தது.

அடுத்த வாரம் உங்கள் இளைய மகனுக்குக் கல்யாணம். எந்தப் புடவை கட்டுவது என்று பார்க்க என் மனைவி பீரோவைத் திறந்தாள். மடிப்புகளுக்கு நடுவிலிருந்து பாச்சை உருண்டை வாசனை கிளம்பிக் கூடம் வரைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு அது பழைய பட்டின் வாசனை. எனக்கு அது எப்போதும் அந்தப் பன்னிரண்டு சின்ன மடிக்கணினிகளின் வாசனை. பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்திருக்கிறேன்.

"இன்னாங்க, பேப்பர்ல அப்படி இன்னா போட்டிருக்குது?" என்றாள்.

"பேப்பர்ல இல்ல. டீச்சர் ஞாபகம் வந்துச்சு."

அவளும் சிரித்தாள். உங்களை நினைத்தால் எங்கள் வீட்டில் முதலில் வருவது சிரிப்புதான். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அப்படித்தான்.

ஆனால் நான் உங்களிடம் சொல்லாமலே வைத்திருந்த ஒன்று இருக்கிறது. பள்ளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருஷம் டீ குடித்தோம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தபோது சொல்ல நினைத்தேன். நீங்கள் எனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்து வேறு கதை பேசிவிட்டீர்கள். இன்று எழுதிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். கணக்கு வாத்தியார் படிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினால் மார்க் இல்லை.

செஞ்சிக்குப் போகிற வழியில், வல்லத்துக்குப் பக்கத்தில் நம் நடுநிலைப்பள்ளி. நீங்கள் தலைமையாசிரியை. நான் கணக்கு. சென்னையில் ஏதோ ஒரு அறக்கட்டளைக்காரர்கள் நம் பிள்ளைகளுக்கென்று பன்னிரண்டு மடிக்கணினிகள் கொடுத்தார்கள். விலை குறைந்தவை. நோட்டுப்புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. சுற்றிலும் பச்சை ரப்பர் விளிம்பு, தூக்கிக்கொண்டு போக ஒரு கைப்பிடி. கொண்டுவந்த இளைஞன் ஒன்றை எடுத்து உங்கள் மேஜை உயரத்திலிருந்து வேண்டுமென்றே தரையில் போட்டான். "பாத்தீங்களா மேடம், ஒண்ணும் ஆவாது. புள்ளைங்க கைக்குன்னே செஞ்சது," என்றான்.

நீங்கள் நெஞ்சில் கை வைத்தபடி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் போனதும் என்னிடம் கேட்டீர்கள்: "அவன் போட்டுட்டுப் போயிட்டான். நாளைக்கு ஸ்டாக்கைப் பார்க்க வர்றவங்களுக்கு யாரு சார் பதில் சொல்றது?"

அன்று மாலையே பன்னிரண்டும் இருப்புப் பதிவேட்டில் ஏறின. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டீர்கள். பிறகு உங்கள் அறையிலிருந்த சாம்பல் நிற பீரோவில் அடுக்கி, கரப்பான் பூச்சி உள்ளே போய்விடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு பாச்சை உருண்டை வைத்துப் பூட்டினீர்கள். சாவி உங்கள் கைப்பைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை தோறும் கடைசி பீரியடில் பீரோ திறக்கும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் அறை வாசலில் வரிசையாக நிற்பார்கள். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியைத் திறக்காமலே மஞ்சள் துணியால் துடைத்து, கரண்டு இருந்தால் சார்ஜ் ஏற்றி, திரும்ப உள்ளே வைப்பீர்கள். பிள்ளைகள் அதற்குச் 'சாமி பாக்கறது' என்று பெயர் வைத்திருந்தார்கள். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத் தெரியும்.

ஏழாம் வகுப்பு அஞ்சலை மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள். அவள் நைனா நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர்.

"டீச்சர், அத்த தொட்டா கடிக்குமா?"

"கடிக்காது. உடைஞ்சிடும்."

"எங்க நைனா ஓட்டற மிஷினு எம்மாம் பெருசு தெரியுமா டீச்சர்? என்னையே ஒரு தபா ஸ்டேரிங் புடிக்க வுட்டாரு. அது உடையல."

"உங்க நைனா மிஷினுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் இல்லடி."

நான் என் பங்குக்கு உதாரணம் சொல்லிப் பார்த்தேன். சைக்கிளைத் தினமும் துடைத்து வைத்தால் பிள்ளைக்குச் சைக்கிள் ஓட்ட வந்துவிடுமா என்றேன். அடுத்த வாரம் நீச்சலைச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் தோசைக்கல்லைச் சொன்னேன். ஒன்றுக்கும் நீங்கள் அசையவில்லை. "உங்க உதாரணத்தை எல்லாம் வெக்கறதுக்குத் தனியா ஒரு பீரோ வாங்கணும் சார்," என்றீர்கள்.

எனக்குள் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. காரணம், அறக்கட்டளைக்காரர்கள் போட்ட நிபந்தனை. ஒரு வருஷத்துக்குள் பிள்ளைகள் கையில் பழகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டுபோய் வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாதி வருஷம் பீரோவுக்குள்ளேயே போய்விட்டது.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

நம் பள்ளியில் அந்தப் பூஜை எப்போதும் தலைமையாசிரியர் கையால்தான். முந்தைய தலைமையாசிரியர் காலத்துப் பழக்கம். நீங்கள் தினமும் ஜெபமாலை சொல்கிற வீட்டுப் பெண். பொறுப்பேற்ற முதல் வருஷம் நான் தயங்கித் தயங்கி, "டீச்சர், வேணும்னா நான் வெச்சிடறேன்," என்றேன். "எங்க மாதா கோவில் தேருக்கு உங்க தெரு ஆளுங்க வந்து வடம் புடிக்கிறாங்களா இல்லியா? அப்ப நான் ஸ்கூல் மணிக்குப் பொட்டு வெச்சா இன்னா?" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டீர்கள். அன்றிலிருந்து பன்னீரில் சந்தனம் குழைப்பதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை. மணிக்கு, கரும்பலகைக்கு, உலக உருண்டைக்கு, சத்துணவுக்கூடத்துக் கரண்டிக்கு, எடைத் தராசுக்கு எல்லாம் ஒரே அளவில் சந்தனம், நடுவில் குங்குமம்.

அந்த வருஷம் பன்னிரண்டு மடிக்கணினிகளையும் நீள பெஞ்சில் வரிசையாக வைக்கச் சொன்னீர்கள். மூடி இருந்தால் லட்சணமாக இல்லை என்று நீங்களே ஒவ்வொன்றையும் திறந்து நிமிர்த்தி வைத்தீர்கள். அவை வந்த நாளிலிருந்து மூடி திறந்தது அன்றுதான். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். திறந்து நிமிர்த்தியதும் அவை பன்னிரண்டு முகங்கள் போல நம்மைப் பார்த்தன. முகம் என்றால் பொட்டு எங்கே வைப்பது? நெற்றியில். திரைக்கு மேலே, சரியாக நடுவில், கடுகளவு வட்டமாக ஒரு இடம் உங்களுக்காகவே குறித்து வைத்த மாதிரி இருந்தது. அங்கே மோதிர விரலால் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அது கேமராவின் கண், டீச்சர்.

நீங்கள் முதல் மிஷினுக்கு வைக்கும்போதே நான் பார்த்துவிட்டேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். அதற்கு இரண்டு நாள் முன்னால் அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா எனக்குப் போன் செய்திருந்தார். தீபாவளி கழிந்ததும் ஒருநாள் வீடியோவில் கூப்பிடுவதாகவும், பிள்ளைகள் அந்த மிஷின்களிலேயே பேச வேண்டும் என்றும், தலைமையாசிரியையிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். வீடியோவில் கூப்பிடுவார்கள் என்பதை உங்களிடம் சொன்னேன். கேமரா எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பொட்டு அங்கேயே காயட்டும், அன்றைக்கு டீச்சருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். நீங்கள் இரண்டாவதுக்கு வைத்தீர்கள், மூன்றாவதுக்கு வைத்தீர்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பொரி வாங்கித் தின்றேன்.

தீபாவளி கழிந்து சில நாளில் அந்த அம்மா கூப்பிட்டார். என் போனிலிருந்து நெட் கொடுத்து, உங்கள் மேஜையில் ஒன்றாம் எண் மிஷினை வைத்தோம். நீங்கள் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். அந்த அம்மாவின் முகம் திரையில் பளிச்சென்று வந்தது. அவருக்கு நம் பக்கம் இருட்டு.

"மேடம், உங்க முகம் தெரியலையே. கேமரா எதாலயாவது மூடியிருக்கா?"

இரண்டாவதை எடுத்தோம். இருட்டு. ஐந்தாவதை எடுத்தோம். இருட்டு. "எல்லாத்துலயும் போச்சா?" என்றார் அந்த அம்மா. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்தேன்.

வாசலில் நின்றிருந்த அஞ்சலைதான் சொன்னாள். "டீச்சர், கண்ணு மேலயே பொட்டு வெச்சிருக்கீங்க. அதுக்கு எப்படித் தெரியும்?"

பன்னிரண்டுக்கும் ஆயுத பூஜைப் பொட்டு என்று நீங்கள் சொன்னதும் அந்த அம்மா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். நாமும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மேடம், பூஜை முடிஞ்சு இத்தனை நாள் ஆச்சே. பன்னெண்டுலயும் பொட்டு கலையாம இருக்குதுன்னா, பூஜைக்கு அப்புறம் யாரும் தொடவே இல்லையா?"

நீங்கள் வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நெட் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கரண்டு மேல் பழி போட்டிருக்கலாம். நானே மனதுக்குள் இரண்டு காரணம் தயார் செய்தேன்.

"இல்லம்மா," என்றீர்கள். "நான்தான் பூட்டி வெச்சேன். புள்ளைங்க மேல தப்பு இல்ல. சார் தினமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. பூட்டினது நான்."

அந்த அம்மா கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. தங்களிடம் கேட்டு நிற்கிற பள்ளிகள் இன்னும் இருக்கின்றன என்றார். மூன்று வாரம் பார்ப்பதாகவும், அதற்குள் பிள்ளைகள் இந்த மிஷின்களில் தாங்களே செய்த வேலை ஒன்றைக் காட்ட வேண்டும் என்றும், காட்டாவிட்டால் வண்டி அனுப்புவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

அஞ்சலை வாசலிலிருந்து நகரவே இல்லை. "எடுத்துனு பூடுவாங்களா டீச்சர்?" என்றாள். அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். அப்போதுதான் அந்த மைக்ராஸ்கோப் கதையைச் சொன்னீர்கள்.

உங்கள் முதல் வேலை. இருபத்திரண்டு வயது. பிள்ளைகள் கையில் மைக்ராஸ்கோப்பைக் கொடுத்து வெங்காயத் தோலைப் பார்க்கச் சொன்னீர்கள். கீழே விழுந்து லென்ஸ் உடைந்தது. மெமோ வந்தது. விளக்கம் எழுதினீர்கள், போதாது என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினீர்கள். ஆபீஸ் வராந்தாவில் எத்தனையோ நாள் நின்றீர்கள்.

"எட்டுப் பக்கம் எழுதினேன் சார். கடைசி வரி, 'இனி இவ்வாறு நிகழாது என உறுதி கூறுகிறேன்'. கையெழுத்துப் போட்டேன். அந்த உறுதியைத்தான் இத்தினி வருஷமா காப்பாத்திக்கிட்டு வர்றேன்."

உங்களை நான் கஞ்சம் என்று நினைத்தேன், பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற ஒருவரை என் உதாரணங்களால் குத்திக்கொண்டிருந்தேன். அப்போதாவது பொட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உதாரணம் கூட வரவில்லை.

நீங்கள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள். கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துக்கொண்டு நேராக ஏழாம் வகுப்புக்குப் போனீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். அஞ்சலையின் மேஜையில் சாவியை வைத்தீர்கள்.

"காலைல நீ தொற. சாயங்காலம் நீ பூட்டு. முதல்ல எல்லாரும் போய் ஈரத்துணி எடுத்தாந்து அந்தப் பொட்டைத் துடைங்க."

அன்று அந்த வகுப்பில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வயலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என்ன வேலை செய்து காட்டுவது என்று மூன்று நாள் பேசினோம். நான் கணக்குப் பாடத்தில் கன அளவு நடத்திக்கொண்டிருந்தேன். செஞ்சிக் கோட்டையில் இருக்கிற நெற்களஞ்சியத்தை உதாரணமாகச் சொன்னேன். எட்டாம் வகுப்பு தினகரன் கேட்டான்: "சார், அது முழுக்க நெல்லு கொட்டினா எத்தினி மூட்டை புடிக்கும்?" எனக்குத் தெரியாது என்றேன். யாருக்குத் தெரியும் என்றான். அளந்தால்தான் தெரியும் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றது நீங்கள்.

"களஞ்சியத்தை ஸ்கூலுக்குக் கொண்டாரவா முடியும்? மிஷினுங்களைத்தான் அங்க கொண்டு போவணும்," என்றீர்கள்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. மூடியைத் திறக்காமல் துடைத்தவர் செஞ்சிக் கோட்டைக்குப் பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்கிறார். அனுமதிக் கடிதம் எழுதினீர்கள். பிள்ளைகளை வீட்டிலிருந்து பழைய துண்டு கொண்டுவரச் சொன்னீர்கள். அந்தச் சனிக்கிழமை காலை, வல்லம் நிறுத்தத்தில் இருபத்துநாலு பிள்ளைகள், இரண்டு பேருக்கு ஒரு மிஷின் என்று துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார்கள்.

கண்டக்டர் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னா டீச்சர், எல்லாம் மடில கட்டினு வருதுங்க? முட்டையா?"

"முட்டைன்னே வெச்சுக்குங்க. டிரைவரைப் பிரேக்கு மெதுவா போடச் சொல்லுங்க."

"கோட்டை மேல ஏறி ஆம்லெட்டு போடப் போறீங்களா?"

"உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வெக்கிறேன். மொதல்ல டிக்கெட்டைக் குடுங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. நீங்கள் சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்தீர்கள். உங்கள் கை மட்டும் முன் சீட்டில் இருந்த துண்டு மூட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

களஞ்சியத்துக்குள் அன்று நடந்த வகுப்பு மாதிரி என் முப்பத்துநாலு வருஷத்தில் இன்னொன்று இல்லை. ஒரு கும்பல் நூல் பிடித்து நீளம் அளந்தது. ஒரு கும்பல் வெளியே போய்ச் சுவரின் உயரத்துக்கு நிழலை அளந்தது. குச்சியின் நிழலையும் சுவரின் நிழலையும் வைத்துக் கணக்குப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து எண்களைத் தட்டினார்கள். படம் எடுத்தார்கள். நீங்கள் தினகரனிடம், "இந்தப் பெருக்கல் குறி எங்கடா இருக்குது?" என்று கேட்டு, அவன் காட்ட, ஒற்றை விரலால் தட்டினீர்கள். பெருக்கல் குறி வந்ததும் நீங்கள் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் குரங்கு வந்தது.

அஞ்சலை செய்த தப்பு அது. அவிச்ச மல்லாட்டை ஒரு படி கொண்டுவந்திருந்தாள், பச்சை வேர்க்கடலை, தோலோடு. ஏழாம் எண் மிஷினையும் மல்லாட்டையையும் ஒரே துணிப்பையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கோட்டைக் குரங்குக்கு மல்லாட்டை வாசனை எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்று நம் ஊர்ப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் அன்று அவள் மூளை முழுவதும் கன அளவில் இருந்தது. குரங்கு பையோடு சுவர் மேல் ஏறிவிட்டது. மேலே உட்கார்ந்து நிதானமாக மல்லாட்டையை எடுத்துத் தின்றது. பிறகு பைக்குள் கை விட்டு மிஷினை எடுத்தது. திருப்பிப் பார்த்தது. முகர்ந்தது. பாச்சை உருண்டை வாசனை அதற்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. தூக்கிப் போட்டது.

கல் படியில் விழுந்த சத்தம் களஞ்சியம் முழுவதும் எதிரொலித்தது.

யாரும் மிஷினைப் பார்க்கவில்லை. இருபத்துநாலு பிள்ளைகளும் உங்கள் முகத்தைத்தான் பார்த்தார்கள். நானும்தான். அஞ்சலை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்தச் சாவி கயிற்றில் கட்டி அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதைக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அதன் பிறகு அந்த பீரோ திறக்கவே திறக்காது. எனக்கு அது தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது.

நீங்கள் மெதுவாகப் படி இறங்கிப் போனீர்கள். மிஷினை எடுத்தீர்கள். ஒரு மூலையில் ரப்பர் விளிம்பு பிய்ந்து, உள்ளே விரல் நீளத்துக்கு விரிசல். மூடியைத் திறந்தீர்கள். திரையில் வெளிச்சம் வந்தது. அவள் தட்டி வைத்த நீளம், அகலம், உயரம் மூன்றும் அப்படியே நின்றன.

"கணக்கு அழியலடி," என்றீர்கள்.

அஞ்சலை அழ ஆரம்பித்தாள்.

"எதுக்கு அழுவுற? மல்லாட்டை மொத்தமும் போச்சா, எனக்கு எதனா மீதி இருக்குதா?"

அழுதுகொண்டே சிரித்தாள் அந்தப் பெண். அப்புறம் யார் முதலில் சிரித்தது, யார் கடைசியில் நிறுத்தியது என்று தெரியாது. சுவர் மேலிருந்த குரங்கு பயந்து ஓடிவிட்டது.

திங்கட்கிழமை நீங்கள் இருப்புப் பதிவேட்டைத் திறந்து ஏழாம் எண்ணுக்கு நேராக எழுதினீர்கள். நான் பின்னால் நின்று படித்தேன். 'கோட்டையில் பாடம் நடந்தபோது குரங்கு எடுத்துக் கீழே போட்டது. மூலையில் விரிசல். வேலை செய்கிறது.' கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தீர்கள்.

"எட்டுப் பக்கத்துக்குப் பதிலா மூணே வரி சார். யாரு வேணா வந்து கேக்கட்டும்."

யாரும் வந்து கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அந்த அம்மா கூப்பிட்டார். இந்தத் தடவை ஒன்றாம் எண்ணில் நம் பக்கமும் பளிச்சென்று தெரிந்தது. மூட்டைக் கணக்கைச் சொல்ல அஞ்சலை முன்னால் உட்கார்ந்தாள். கணக்கு இருந்த ஏழாம் எண் மிஷின் அவள் மடியில். ஆறு குழு அளந்தது, ஆறு விடை வந்திருந்தது. எல்லாவற்றையும் படித்தாள்.

"ஆறும் வேற வேறயா இருக்கே, எது சரி?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நெல்லு கொட்டிப் பாத்தாதான் தெரியும் மேடம். நீங்க வேணா அனுப்புங்க, நாங்க கொட்டிப் பாக்கறோம்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு உங்களைக் கூப்பிட்டுப் பேசினார். விரிசல் விட்ட அந்த மிஷினை நீங்களே தூக்கிக் காட்டினீர்கள். குரங்குக் கதை முழுவதையும் சொன்னீர்கள், குரங்கு முகர்ந்து பார்த்ததை நடித்தும் காட்டினீர்கள். "உடைஞ்ச மிஷினைப் பாத்து நான் சந்தோஷப்படறது இதுதான் முதல் தடவை மேடம். அங்கயே இருக்கட்டும்," என்றார் அந்த அம்மா. வண்டி வரவில்லை.

அதற்குப் பிறகு பகலில் அந்த பீரோவில் சாக்குக்கட்டியும் பழைய வினாத்தாளும்தான் இருந்தன. மிஷின்கள் இரவு தூங்க மட்டும் உள்ளே போயின. ஆனால் பாச்சை உருண்டை வைப்பதை நீங்கள் விடவில்லை. வகுப்பில் மூடியைத் திறந்தால் அந்த வாசனைதான் முதலில் வரும். வாசனை பிடித்தே மணி அடித்த மாதிரி பிள்ளைகள் உட்காருவார்கள்.

நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். இரண்டு வருஷம் கழித்து நானும். இந்தப் பொட்டு விஷயம் மட்டும் என் தொண்டையில் சாத்துக்குடி விதை மாதிரி நின்றது.

போன வாரம் பத்திரிகை வைக்க வந்த உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். என் மனைவி காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். அவளுக்கும் இதுவரை தெரியாது.

உங்கள் மகள் சிரிக்க ஆரம்பித்தாள். உங்கள் சிரிப்பேதான், தோள் குலுங்குகிற சிரிப்பு.

"சார், அது அம்மாவுக்குத் தெரியுமே. வீட்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. பொட்டு வெக்கும்போது நிமிர்ந்து பாத்தாங்களாம். நீங்க வாயைத் தொறந்து மூடினீங்களாம். அப்பப் புரியலயாம். அந்த வீடியோ அன்னிக்கு நீங்க வேப்பமரத்தைப் பாத்தீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சிச்சாம்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேட்டேன் சார், ஏம்மா நீ கேக்கலன்னு. 'கேட்டா அதுக்கும் ஒரு உதாரணம் சொல்லுவாருடி. அத்த யாரு உக்காந்து கேக்கறது'ன்னாங்க."

காபியைக் குடித்துவிட்டு அவளே இன்னொன்றும் சொன்னாள். "'அந்தாளு அன்னிக்கு வாயைத் தொறந்திருந்தா நான் பொட்டைத் துடைச்சிட்டு மறுபடியும் பூட்டியிருப்பேன்'னு சொல்லுவாங்க சார்."

இத்தனை வருஷம் நான் உங்களிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தெரியாத மாதிரி இருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். தினமும் இரண்டு வேளை டீ குடித்துக்கொண்டே.

இப்போதும் ஆயுத பூஜைக்குப் பள்ளியிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். மிஷின்களில் மூன்று ஓய்வு பெற்றுவிட்டன. ஏழாம் எண் ஓடுகிறது, விரிசலோடு. அதற்குத்தான் முதல் பொட்டு, மூடியின் முதுகில், நீங்கள் பெயிண்டில் போட்ட எண்ணுக்குக் கீழே. யாராவது கண் மேல் வைக்கப் போனால், "அங்க வேணாம்மா," என்று உடனே சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் பார்த்தால் சொல்லிவிடுகிறேன், டீச்சர். உதாரணத்தையும் குறைத்திருக்கிறேன், என் மனைவி நம்பவில்லை.

கல்யாணத்துக்கு அஞ்சலையும் வருகிறாள். திண்டிவனத்தில் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகிறாள். போனில் கேட்டேன், கல்யாணத்துக்கு என்ன கொண்டு வருகிறாய் என்று. அவிச்ச மல்லாட்டை என்றாள்.

மண்டப வாசலில் யாராவது சந்தனக் கிண்ணத்தோடு நிற்பார்கள். என்னிடமும் நீட்டுவார்கள். நான் விரலைத் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோகும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அது நிச்சயம். சுற்றி நிற்கிறவர்களுக்குக் காரணம் தெரியாது. உள்ளேயிருந்து உங்கள் மகள் பார்த்துவிடுவாள். அவள் தோளும் குலுங்கும்.